வாசலில் வைத்துப் பாருங்கள்

ஆசிரியருக்கு,

நகரியில் தையல் கடை வைத்திருக்கிறேன். புடவைக்கு மேட்சிங் ரவிக்கைத் துணியை ராத்திரியில் எடுத்துவிட்டு, காலையில் "கலர் மாறிப்போச்சு" என்று வருகிறவர்கள் அதிகம். பாவம், சாயத்தின் மேல் குற்றமில்லை. மேலே விழும் வெளிச்சத்தில் இருப்பதைத்தான் துணி திருப்பி அனுப்பும். வெயிலில் 400 முதல் 700 நானோமீட்டர் வரை எல்லா அலைநீளமும், அதாவது கண்ணுக்குத் தெரியும் எல்லா நிறமும் உண்டு. கடையிலிருக்கும் வெள்ளை எல்இடி பெரும்பாலும் நீல விளக்குதான். அதன்மேல் பூசிய மஞ்சள் பாஸ்பர்தான், அதாவது நீல ஒளியை வாங்கி வேறு நிறத்தில் ஒளிரும் பூச்சுதான், மீதி நிறங்களைத் தருகிறது. மலிவான பல்பில் ஆழ்ந்த சிவப்பு குறைவு. அரக்கும் மெரூனும் அதில் செத்துப்போகும். வெவ்வேறு சாயமிட்ட இரண்டு துணிகள் அங்கே ஒன்றுபோலத் தெரிந்து, வெயிலில் பிரிந்துவிடும். ஜவுளிக்கடைக்காரர்கள் வாசல் பக்கம் ஒரு மேசையாவது போடட்டும். ஏசி வெளியே போய்விடும் என்கிறார்கள். போகட்டுமே!

- ஒரு தையல்காரர், நகரி, ஆந்திரம்