நினைவுச் சுவரில் பெயர்களை அடுக்கும் முறை

ஆசிரியருக்கு,

டிசம்பர் 26 நெருங்கினால் சுனாமி நினைவிடங்களைப் புதுப்பிக்கும் பேச்சு வந்துவிடுகிறது. முதலில் அடிபடுவது தூணின் உயரம்தான். அங்கே வருகிறவர்கள் தேடுவதோ ஒரு பெயரை.

பெயர்களை அகரவரிசையில் வெட்டுவது எளிது. ஆனால் நமக்கு ஒத்துவராது. நம் பெயர்களில் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். அலமேலு சுவரின் ஒரு கோடிக்கும் அவள் மகன் வேலன் மறுகோடிக்கும் போய்விடுவார்கள். குடும்பப் பெயர் உள்ள அமெரிக்காவிலேயே, வாஷிங்டனில் 1982-இல் எழுந்த வியட்நாம் போர் நினைவுச் சுவரில், பலியான நாள் வரிசையில்தான் வெட்டினார்கள். தேடுவதற்கு அகரவரிசைப் பேரேடு பக்கத்திலேயே இருக்கிறது. (அந்தக் கறுப்புக் கல் பெங்களூருவிலிருந்து போனது.) நியூயார்க்கின் செப்டம்பர் 11 நினைவிடத்தில் 2,983 பெயர்கள்; யாருக்குப் பக்கத்தில் யார் என்பதைக் குடும்பத்தாரிடம் கேட்டு அடுக்கினார்கள். நமக்கு ஊர், தெரு, வீடு என்ற வரிசையும், கூடவே ஒரு பேரேடும் போதும்.

எழுத்து 25 மி.மீ. உயரத்துக்குக் குறையக் கூடாது. குறைந்தால், மணல் பீய்ச்சி வெட்டும்போது ணை, ஞா போன்றவற்றின் சுழிகளுக்கு இடையிலுள்ள மெல்லிய ரப்பர் ஸ்டென்சில் (எழுத்து வடிவில் வெட்டிக் கல்லில் ஒட்டும் தாள்) பெயர்ந்து, எழுத்து குழியாகிவிடும். தரையிலிருந்து 60 செ.மீ. முதல் 180 செ.மீ. வரைதான் கைக்கு எட்டும். அதில் 4 செ.மீ.க்கு ஒரு வரி, பெயருக்கு 40 செ.மீ. அகலம் என்று வைத்தால் மீட்டருக்குச் சுமார் 75 பெயர். நாகை மாவட்டத்தில் மட்டும் இறந்தவர்கள் 6,000-க்கும் மேல். 80 மீட்டர் சுவர் வேண்டும். வட்டமாகத் தூண் எழுப்பிவிட்டு இடம் தேடினால் கிடைக்காது.

கறுப்பு கிரானைட் மதிய வெயிலில் தொட முடியாதபடி சுடும். சுவர் வடக்குப் பார்க்கட்டும். வைகாசி, ஆனியில் உச்சி வெயில் வடபுறம் சாய்வதால் மேலே ஒன்றரை அடி நீட்டலும் வேண்டும்.

விளக்கு ஏற்றாதீர்கள் என்று பலகை வைத்துப் பயனில்லை, ஏற்றத்தான் செய்வார்கள். சுவரடியில் மணல் நிரப்பிய கல் தொட்டி இல்லாவிட்டால் எண்ணெய் தரைக்கல்லில் ஊறி நிரந்தரக் கறையாகும், கற்பூரக் கரி பெயர்மேல் படியும். மாலைக்கும் ஒரு கம்பி கொடுத்துவிட வேண்டும்.

கடற்காற்றில், கல்லைச் சுவரோடு பிடிக்கும் சாதாரண இரும்பு கிளாம்ப் துருவேறிப் பருத்து, கல்லின் விளிம்பையே பிளக்கும்; 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு தேவை. அலைத் தூவானம் படும் இடத்தில் கான்கிரீட் கம்பிக்கு 50 மி.மீ. கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம்) விட வேண்டும். 25 மி.மீ.யோடு நிறுத்தினால் உப்பு சீக்கிரமே கம்பியை எட்டிவிடும்.

வெட்டிய பெயரைத் திருத்த முடியாது. ரேஷன் அட்டையில் ஓர் எழுத்து, வீட்டார் எழுதுவது வேறு எழுத்து. வெட்டும் முன் அச்சுப் பட்டியலில் ஒவ்வொரு குடும்பத்திடமும் கையெழுத்து வாங்க வேண்டும். பெயர் வெட்டும் கல் பலகைகளை 60 செ.மீ. அகலத்துக்கு மேல் போடாவிட்டால் பிழைபட்ட ஒன்றை மட்டும் கழற்றி மாற்றலாம். கடைசிப் பலகை வெறுமையாக இருக்கட்டும். விடுபட்ட பெயர் பிறகு வரும்.

— கட்டடக் கலை, கல்வேலைத் துறையினர்,
நாகப்பட்டினம்