ஹட்பேயில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள மீனா,

லிட்டில் அந்தமானிலிருந்து நீ எழுதி அனுப்பியதைப் படித்தேன். போனில் பேசினால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால் தாளில் எழுதி, படம் எடுத்து அனுப்பச் சொல்லித் தம்பியிடம் கொடுத்திருக்கிறேன். அவன் படித்தாலும் பரவாயில்லை.

முதலில் முதலை. சிரிக்காதே. பட்லர் பே கடற்கரை அழகான இடம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஓடை வந்து கடலில் கலக்கும் இடத்தில் இறங்காதே. தண்ணீர் கலங்கலாக இருந்தால் இறங்காதே. உப்புநீர் முதலை ஓடையோடு நின்றுவிடும் என்று நினைக்காதே, கடலில் நீந்தியே ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்குப் போகும். 2010-ல் ஹேவ்லாக் தீவில், ராதாநகர் கடற்கரைக்குப் பக்கத்தில், ஓர் அமெரிக்கப் பெண்ணை இழுத்துப் போனது. கூட ஆள் இருந்தும் நடந்தது அது. (ஹேவ்லாக்கை 2018-லிருந்து ஸ்வராஜ் த்வீப் என்கிறார்கள். போர்ட் பிளேரும் இப்போது ஸ்ரீ விஜயபுரம். எனக்கு வாயில் வரமாட்டேன் என்கிறது.)

அங்கே இப்போது ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். நம் ஊர் கணக்கில் ஆறரை வரை வெளிச்சம் இருக்கும் என்று காட்டுப் பாதையில் நடந்துகொண்டிருக்காதே. டுகாங் கிரீக் பக்கம் யார் கூப்பிட்டாலும் போகாதே. அது ஓங்கே பழங்குடி மக்கள் இருக்கும் இடம், வெளியாட்கள் போகக் கூடாது. 2004 சுனாமியில் ஹட்பே தரைமட்டமானபோது, கடல் உள்வாங்கியதைப் பார்த்ததுமே மேட்டுக்கு ஏறித் தப்பியவர்கள் அவர்கள். தரை ஆடினால் நீயும் அதையே செய். போட்டோ எடுக்க நிற்காதே. உனக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லைதான். நாம் போர்ட் பிளேரில் இருந்தபோது சிப்பிகாட் வயலெல்லாம் கடலாகிக் கிடந்ததைப் பஸ் ஜன்னலில் தொங்கிக்கொண்டு பார்த்தவள் நீ. உன் அம்மா அதற்குப் பிறகு திருச்செந்தூரில்கூட அலையில் கால் நனைப்பதில்லை. நாழிக்கிணற்றில் குளித்துவிட்டு நேரே கோயிலுக்குள் போய்விடுவாள். நாம் அங்கே குடியிருந்த ஜங்லிகாட் வீட்டைப் பற்றிப் பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுகிறாள். அந்தத் தீவுகளுக்கே நீ திரும்பப் போயிருப்பது அவளுக்கு எப்படி இருக்கும், யோசித்துக்கொள்.

ஏழுவரி ஆமை பார்த்ததை எழுதியிருந்தாய். அத்தனை வருஷம் அங்கே வேலை பார்த்தும் எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சவுத் பே, வெஸ்ட் பே கடற்கரைகளுக்கு அது இந்த மாதங்களில் முட்டையிட வரும் என்று வனத்துறைக்காரர்கள் சொல்லிக் கேட்டதோடு சரி. மற்ற ஆமைகளுக்கு இருப்பதுபோல் இதற்கு ஓட்டில் கட்டம் கட்டமாகச் செதில் கிடையாது. தோல்தான், அதில் நீளவாக்கில் ஏழு வரி. மணலில் அது ஏறிய தடம் டிராக்டர் போனதுபோல் இருந்தது என்று நீ எழுதியதை ஓய்வூதியர் கூட்டத்தில் நாலு பேருக்குப் படித்துக் காட்டினேன். வெள்ளை டார்ச் அடித்தால் திரும்பிப் போய்விடும், சிவப்பு வெளிச்சம்தான் பிடிக்க வேண்டும் என்று உனக்கு முன்பே தெரிந்திருந்ததாமே. எல்லோர் பிள்ளைகளும் மாலத்தீவில் கண்ணாடி வீட்டில் படுத்துப் படம் போடுகிறார்கள், என் மகள் ராத்திரியெல்லாம் கப்பலில் போய் ஆமைக்குக் காவல் இருக்கிறாள் என்றேன். கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டேன்.

ஆனால் அதற்கடுத்த வரியை யாரிடமும் படிக்கவில்லை, உன் அம்மாவிடமும். ஆமையின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது, அதைப் பார்த்து நானும் ரொம்ப நேரம் அழுதேன் என்று எழுதியிருக்கிறாய். ஆமை அழவில்லை, மீனா. கடல் தண்ணீரில் வாழும் பிராணி, உடம்பில் சேரும் உப்பைக் கண்ணோரத்தில் இருக்கும் சுரப்பி வழியாக வெளியேற்றுகிறது. தண்ணீருக்குள் அது நமக்குத் தெரிவதில்லை, கரைக்கு வந்தால் தெரிகிறது, அவ்வளவுதான்.

உனக்கு அப்படி ஒரு சுரப்பி இல்லை.

சரி. பொங்கல் நல்லபடியாக நடந்தது. அத்தை வந்திருந்தாள். பொங்கல்படி கொண்டுவர வேண்டாம் என்று நீ கடைசி நேரத்தில் சொன்னதால் தம்பி பெங்களூர் டிக்கெட்டை ரத்து செய்தான். பித்தளைப் பானையும் கரும்பும் மஞ்சள் குலையும் இன்னும் நடுவீட்டில்தான் இருக்கின்றன. கரும்பு காய்ந்துவிட்டது. அம்மா எடுக்க விடவில்லை. சம்பந்தி வீட்டிலிருந்து போன் வந்தது, வாழ்த்துச் சொன்னார்கள், மழையைப் பற்றிப் பேசினார்கள். "பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள்" என்று அவர்கள் எங்களைக் கேட்டார்கள். நாங்கள் அவர்களைக் கேட்கலாம் என்று இருந்தோம்.

உன் படங்களில் நீ மட்டும் நிற்கிறாய். நல்ல கோணத்தில்தான் எடுத்திருக்கிறார்கள். யார் எடுத்தது என்று அம்மா கேட்டாள். மாப்பிள்ளைக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது என்றேன்.

சிக்னல் இல்லை என்ற பேச்சை இனி என்னிடம் எடுக்காதே. 2020 ஆகஸ்டிலேயே சென்னையிலிருந்து கடலுக்கடியில் 2,300 கிலோமீட்டர் கேபிள் திறந்துவிட்டார்கள், லிட்டில் அந்தமானுக்கும் சேர்த்துத்தான். ஆள் இல்லாத கடற்கரையில் உனக்கு அமைதி கிடைக்கிறதென்றால் இன்னும் நாலு நாள் இரு, நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சாயங்காலம் ஹட்பே கடைத்தெருவுக்கு வரும்போது ஒரு வரி போடு. அம்மா போனை மடியில் வைத்துக்கொண்டே சாப்பிடுகிறாள்.

மணல் ஈ கடித்த இடத்தைச் சொறியாதே, புண்ணாகும். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு போ. சிப்பி, பவளம் எதையும் பையில் போடாதே, விமான நிலையத்தில் பிடித்துக்கொள்வார்கள். ஓடைப் பக்கம் இறங்காதே.

திரும்பும்போது பெங்களூர் போகாமல் நேரே இங்கே வருவதானால் சென்னையிலிருந்து நெல்லைக்கு ரயில் டிக்கெட் நான் போட்டுவிடுகிறேன். தேதியைச் சொல். ஒரு டிக்கெட்டா இரண்டா என்பதையும் சொல், வேறு ஒன்றும் கேட்க மாட்டேன்.

அன்புடன்,
அப்பா