வழியனுப்பிவிடாதீர்கள், இன்னொரு நாள் வரச் சொல்லுங்கள்

பெரியவர்களுக்கு ஆட்டிசம் இருக்கிறதா என்று மதிப்பிடும் மனநல மருத்துவர்களுக்கும் உளவியலாளர்களுக்கும்,

வணக்கம்.

எனக்கு 43 வயது. ஆட்டிசம் உள்ளவள் என்பது சென்ற ஆண்டுதான் உறுதியானது. அறிக்கையைக் கையில் கொடுத்த மருத்துவர், “இத்தனை வருடம் சமாளித்துவிட்டீர்கள், இனியும் சமாளித்துவிடுவீர்கள்” என்று சொல்லி வாசல்வரை வந்து வழியனுப்பினார். நல்ல மனிதர். ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் படியிறங்கும்போது எனக்குக் கால்கள் நடுங்கின.

எப்படிச் சமாளித்தேன் என்று அவர் கேட்கவில்லை. எதிரில் இருப்பவரின் கண்களைப் பார்த்தால் அவர் பேசுவது எனக்குக் கேட்காது. அதனால் புருவங்களுக்கு நடுவே பார்க்கப் பழகினேன். தொலைபேசியை எடுக்கும் முன் பேச வேண்டியதை எழுதி வைத்துக்கொள்வேன். எல்லோரும் சிரித்த பிறகே சிரிப்பேன். வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் விளக்கைப் போடாமல் வெறுந்தரையில் ஒரு மணி நேரம் படுத்திருப்பேன். அதைச் சோம்பல் என்றார்கள். பிறகு மனச்சோர்வு என்றார்கள், 11 ஆண்டுகள் மாத்திரை விழுங்கினேன். சிறுவயதில் பேசாமல் இருந்ததற்கு மட்டும் நல்ல பெயர் கிடைத்தது: அடக்கமான பெண். பெண்பிள்ளையின் மௌனத்தை யாரும் மருத்துவரிடம் அழைத்துப் போவதில்லை.

முதலில் நான் பார்த்த உளவியலாளர், “கண்ணைப் பார்த்துப் பேசுகிறீர்களே, உங்களுக்கு எப்படி ஆட்டிசம் இருக்கும்?” என்று பத்தே நிமிடத்தில் முடித்துவிட்டார். மனநலக் குறைபாடுகளைக் கண்டறிய உங்கள் துறை பயன்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேடு 2013-இலேயே இதற்கு விடை சொல்லியிருக்கிறது. அறிகுறிகள் இளமையிலேயே தொடங்கியிருக்க வேண்டும். ஆனால் சுற்றியிருப்போரின் எதிர்பார்ப்பு ஒருவரின் சக்தியை மீறும்வரை அவை முழுதாக வெளிப்படாமல் இருக்கலாம், கற்றுக்கொண்ட உத்திகளால் பின்னாளில் மறைந்தும் போகலாம் என்கிறது அது. அந்த வரியை நான் தேடிப் படிக்க வேண்டியிருந்தது.

ஆட்டிசம் என்றால் இன்றும் எல்லோர் மனத்திலும் ஒரு குழந்தைதான் வருகிறது. குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர் 1943-இல் ஆட்டிசம் பற்றி எழுதிய முன்னோடிக் கட்டுரையில் 11 குழந்தைகள் இருந்தார்கள், அவர்களில் 3 பேர் பெண்கள். முதலாவதாக விவரிக்கப்பட்ட டொனால்ட் டிரிப்லெட் 2023-இல் தம் 89-ஆம் வயதில் காலமானார். அந்தக் குழந்தை எழுபது ஆண்டுகளுக்கு மேல் பெரியவராக வாழ்ந்திருக்கிறது. எங்களைப் பற்றிப் பேசும்போது அந்த எழுபது ஆண்டுகளையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது மதிப்பீட்டில் என் சிறுவயதைப் பற்றிச் சொல்ல அம்மாவை அழைத்துவரச் சொன்னார்கள். அம்மா இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. என் சிறுவயதை அறிந்தவர்களில் அக்கா மட்டுமே மிச்சம். அவள் வந்தாள். நான் பொத்தான்களை நிறம் பார்த்து வரிசையாக அடுக்கியதையும், யாராவது கலைத்தால் மூச்சுமுட்ட அழுததையும், சட்டைக் கழுத்தின் துணிப்பட்டையை வெட்டி எறிந்ததையும் சொன்னாள். எல்லாம் குறிக்கப்பட்டன. வெளியே வராந்தாவில் வந்து உட்கார்ந்த பிறகு, “வீட்டுக்கு யாராவது வந்தால் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாயே, அதற்காக உன்னை அடித்தோமே” என்றாள். அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. அந்த அழுகைக்கு உங்கள் படிவத்தில் இடம் இல்லை. அவளிடம் ஒருவர் வந்து, “உங்களுக்கு அப்போது தெரியாதம்மா” என்று சொல்லியிருந்தால் போதுமாயிருந்தது.

தமிழில் இதற்கு மதியிறுக்கம் என்றொரு பெயர் வைத்திருக்கிறார்கள். என் மதி இறுகியிருக்கவில்லை. ஒரே நேரத்தில் மின்விசிறியின் சத்தமும் குழல்விளக்கின் ரீங்காரமும் பக்கத்து அறைப் பேச்சும் உள்ளே கொட்டிக்கொண்டே இருக்கும். மூடத் தெரியாத கதவு அது. அறிக்கையில் அந்தச் சொல்லை எழுதும்போது ஒரு கணம் யோசியுங்கள்.

முடிவு தெரிந்த முதல் வாரம் பெரிய நிம்மதியாக இருந்தது. அதன் பிறகு துக்கம் வந்தது. முறிந்த நட்புகள், விட்டுவந்த வேலைகள், என்னை நானே திட்டிக்கொண்ட இரவுகள் எல்லாவற்றையும் முதலிலிருந்து திரும்ப எண்ணிப் பார்த்தேன். இதைப் பழைய மனச்சோர்வு திரும்பிவிட்டது என்று எடுத்துக்கொண்டு மாத்திரையின் அளவைக் கூட்டிவிடாதீர்கள். ஒரு மாதம் கழித்து வரச் சொல்லுங்கள். வந்தவரிடம், எந்தப் பழக்கத்தை இனிச் சுமக்க வேண்டாம் என்று பேசுங்கள். காதடைப்பான் போட்டுக்கொள்ளலாம், சொல்வதை எழுத்தில் தரும்படி அலுவலகத்தில் கேட்கலாம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. 42 வயதுவரை அனுமதி வேண்டும் என்றே நினைத்திருந்தேன்.

அறிக்கை வந்த இரவில் ஒரு நோட்டில் கேள்விகளை எழுதத் தொடங்கினேன். இப்போது 26 ஆகிவிட்டன. முதல் கேள்வி: யாரும் பார்க்காதபோது நான் எப்படிப்பட்டவள்? கடைசிக் கேள்வி: அம்மாவும் என்னைப் போலத்தான் இருந்தாரா? நோட்டை எடுத்துக்கொண்டு வருகிறேன். ஒரு தேதி கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்களிடம் வந்துபோன ஒருத்தி