கல்லில் யார் பெயரைப் பொறிப்பது?

அன்பு மகள் கயல்விழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்தவர்களுக்கு அடைக்கலம் தந்த உள்ளூர் மக்களுக்காக உங்கள் ஊரில் ஒரு நினைவுக்கல் நாட்டப் போகிறார்கள் என்பதையும், அதில் பொறிக்க வேண்டிய வாசகத்தை எழுதும் பொறுப்பு உன்னிடம் வந்திருக்கிறது என்பதையும் அறிந்து மகிழ்ந்தேன். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் குடியேறிச் சில ஆண்டுகளே ஆன ஒரு குடும்பத்தை நம்பி இதை ஒப்படைத்திருக்கிறார்கள் என்றால், நீ எழுதுவதில் அவர்களுக்கு மதிப்பு இருக்கிறது. என் கருத்தைக் கேட்டிருந்தாய். வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவளிடம் கேட்டால் பதில் நாலு வரியில் முடியாது என்று தெரிந்துதான் கேட்டிருப்பாய்.

குழுவினர் தயாரித்த பெயர்ப் பட்டியலைப் படித்தேன். ஒரு போதகர், சில விவசாயிகள், ஒரு மாவு மில் உரிமையாளர், ஒரு மருத்துவர். அனைவரும் ஆண்கள், அனைவரும் வெள்ளையர், அனைவரும் சொந்த வீடும் நிலமும் உடையவர்கள். இவர்களில் ஒருவரையும் நீக்கச் சொல்ல மாட்டேன். இவர்கள் செய்தது சிறிய காரியம் அன்று. ஆனால் எழுத்துச் சான்று கிடைத்தவர்களை மட்டுமே போற்றுவது என்று முடிவெடுத்தால், சான்றை விட்டுவைப்பதே உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் வாழ்ந்தவர்கள் விடுபட்டுப் போவார்கள். நீங்கள் எல்லாரும் என்னை அழைத்துச் சென்ற ரிப்ளி ஊரையே எடுத்துக்கொண்டு இதை விளக்குகிறேன். சின்சினாட்டி நகரிலிருந்து ஒஹாயோ ஆற்றோடு மேல்நோக்கிச் சுமார் 50 மைல் தொலைவில் இருக்கும் அந்தச் சிற்றூரைப் பற்றி, மற்ற பல ஊர்களைவிட அதிகமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். இக்கரை அடிமை முறை இல்லாத ஒஹாயோ; அக்கரை அந்த முறை சட்டமாக இருந்த கென்டக்கி.

அங்கே முதலில் கண்ணில் படுவது குன்றின் மேல் நிற்கும் ஜான் ரேங்கினின் செங்கல் வீடு. டென்னசியில் 1793இல் பிறந்த அந்தப் பிரஸ்பிட்டீரியன் திருச்சபைப் போதகர் 1822இல் ரிப்ளிக்கு வந்தார். வர்ஜீனியாவில் கடை வைத்திருந்த தம் தம்பி தாமஸ் அடிமைகளை விலைக்கு வாங்கிவிட்டார் என்று கேள்விப்பட்டு, அடிமை முறை ஏன் பாவம் என்பதை விளக்கி வரிசையாகக் கடிதங்கள் எழுதினார். அவை உள்ளூர்ச் செய்தித்தாளில் வெளிவந்து, 1826இல் நூலாயின. தம்பியும் பிறகு மனம் மாறித் தம் அடிமைகளை விடுவித்தார் என்பதை, கடிதம் எழுதுகிறவள் என்ற முறையில் சற்றுப் பெருமையோடு குறிப்பிடுகிறேன். குன்றின் உச்சியிலிருந்த அந்த வீட்டின் விளக்கு கென்டக்கிக் கரையிலிருந்து தெரியும். படியேறி வந்தவர்களுக்கு உணவும் உறைவிடமும் கொடுத்து, இரவோடு இரவாகக் குதிரையில் அடுத்த ஊருக்குக் கொண்டு சேர்த்தவர்கள் ரேங்கினின் ஒன்பது மகன்கள். 1841இல் ஆயுதம் தாங்கிய ஒரு கும்பல் நள்ளிரவில் அந்த வீட்டைத் தாக்கியபோது, துப்பாக்கியோடு எதிர்த்து நின்றவர்களும் அந்த மகன்களே.

அந்த வீட்டில் பதின்மூன்று பிள்ளைகள். எந்த நேரத்தில் கதவு தட்டப்பட்டாலும், வந்தவர்களுக்கு உலர்ந்த துணி எடுத்துக் கொடுத்து, மறுபடி அடுப்பு மூட்டியவர் ரேங்கினின் மனைவி ஜீன். மார்ச் மாதக் குளிரில் ஆற்றைக் கடந்து வந்த ஒருவருக்கு முதலில் தேவைப்பட்டது பிரசங்கமா, அடுப்பா என்று உன் குழுவினரைக் கேட்டுப் பார். பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு ஆண் பெயருக்கும் பக்கத்தில் அந்த வீட்டுப் பெண்ணின் பெயரையும் தேடுங்கள். திருச்சபைப் பதிவேடுகளிலும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளிலும் பெரும்பாலும் அகப்படும்.

உதவியவர்கள் தண்டனை இன்றித் தப்பினார்கள் என்றும் எண்ணிவிடக் கூடாது. ரிப்ளிக்கு வடக்கே சார்டினியா என்னும் ஊரில் இருந்த மெதடிஸ்ட் திருச்சபைப் போதகர் ஜான் மேகன் 1838இல் கைது செய்யப்பட்டு, கென்டக்கிக்குக் கொண்டுபோகப்பட்டு, வாரக்கணக்கில் சிறையில் கிடந்தார். ஒஹாயோவில் நடந்த செயலை விசாரிக்கக் கென்டக்கி நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று விடுதலை கிடைத்தது. ஆனால் அதன் பின் தொடர்ந்த வழக்குச் செலவும் உடல்நலிவும் அவரை விடவில்லை; 1844இல் காலமானார்.

இனி, குன்றிலிருந்து இறங்கி ஆற்றோரத் தெருவுக்கு வா. அங்கே இருப்பது ஜான் பார்க்கரின் வீடு. 1827இல் வர்ஜீனியாவின் நார்ஃபோக் நகரில், அடிமையாக இருந்த ஒரு தாய்க்குப் பிறந்த அவரை எட்டு வயதில் விற்றுவிட்டார்கள். சங்கிலியில் பிணைத்து அலபாமாவின் மொபீல் நகரம் வரைக்கும் நடத்திச் சென்றார்கள். அங்கே ஒரு மருத்துவருக்கு உடைமையாக இருந்துகொண்டே பவுண்டரி எனப்படும் இரும்பு வார்ப்புப் பட்டறையில் தொழில் கற்று, தம் உழைப்பில் சேர்த்த 1,800 டாலரைக் கட்டி, 1845இல் தம்மைத் தாமே விலைக்கு வாங்கி மீட்டுக்கொண்டார். சில ஆண்டுகளில் ரிப்ளிக்கு வந்து, பின்னாளில் சொந்தமாகவே பவுண்டரி நடத்தினார். புகையிலை அழுத்தும் இயந்திரத்துக்கும், உழவில் மண்கட்டி உடைக்கும் கருவிக்கும் காப்புரிமை பெற்றார். பகலில் தொழிலதிபர். இரவில் படகு எடுத்து, அடிமை முறை சட்டமாக இருந்த கென்டக்கிக் கரைக்கே போய் ஆட்களை அழைத்து வருவார். ரேங்கின் குடும்பம் தேடி வந்தவர்களுக்குக் கதவைத் திறந்தது; பார்க்கர் தேடிப் போனார். பிடிபட்டிருந்தால் ஒரு வெள்ளைப் போதகருக்குக் கிடைத்த விசாரணைகூட அவருக்குக் கிடைத்திருக்காது.

ஒருமுறை ஒரு தம்பதியர் தப்பி ஓடிவிடாமல் இருப்பதற்காக, அவர்களுடைய கைக்குழந்தையைப் பண்ணையார் ஒவ்வோர் இரவும் தம் கட்டிலின் கால்மாட்டில் கிடத்திக்கொண்டு, பக்கத்து நாற்காலியில் கைத்துப்பாக்கியும் வைத்துக்கொண்டு உறங்கினார். பார்க்கர் இருட்டில் அந்த அறைக்குள் தவழ்ந்து நுழைந்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து, பெற்றோரோடு சேர்த்து அக்கரையிலிருந்து மீட்டார். கேட்பதற்குக் கதை போலத்தான் இருக்கிறது. அவரே 1880களில் ஒரு பத்திரிகையாளரிடம் சொல்லி எழுதி வைக்கப்பட்ட நினைவுகளில் இருப்பது இது. அந்தக் கையெழுத்துப் படி நூலாக அச்சேறியது 1996இல்தான். அவர் மறைந்து 96 ஆண்டுகள் கழித்து!

சான்றைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அது இங்கேதான் வருகிறது. தாம் உதவியவர்களின் பெயர்களையும் நாள்களையும் பார்க்கர் தொடக்கத்தில் ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்தார். அதில் 300க்கு மேற்பட்டவர்கள் இருந்தார்களாம். 1850இல் தப்பியோடிய அடிமைகள் பற்றிய கடுமையான கூட்டரசுச் சட்டம் வந்தது. உதவுகிறவருக்கு 1,000 டாலர் வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. பிடிபட்டவர் தமக்காகச் சாட்சி சொல்ல முடியாது. ஜூரி விசாரணையும் கிடையாது. ஆளைத் திருப்பி அனுப்ப உத்தரவிடும் ஆணையருக்குக் கட்டணம் 10 டாலர், விடுவித்தால் 5 டாலர் என்று வைத்த அந்தச் சட்டத்தில் நீதியின் தராசு எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. பார்க்கருக்கு அப்போது குடும்பமும் சொத்தும் இருந்தன. அந்தக் குறிப்பேட்டை அவர் பவுண்டரி உலையில் போட்டு எரித்துவிட்டார். ஆகவே, 'இவர்கள் பெயர் கிடைக்கவில்லை' என்று உங்கள் குழு எழுதும்போது, தேடியும் கிடைக்காத பெயர்களையும், தெரிந்தே அழிக்கப்பட்ட பெயர்களையும் ஒன்றாகப் பார்க்க முடியாது.

பார்க்கரின் நினைவுகளில் என்னை உறங்கவிடாமல் செய்த பகுதி வேறொன்று. ஓர் இரவு, துரத்துகிறவர்கள் நெருங்கிக்கொண்டிருக்கும் நிலையில், கென்டக்கிக் கரையில் ஒரு சிறிய படகுதான் அவருக்குக் கிடைக்கிறது. படகு நிரம்பிவிடுகிறது, இரண்டு ஆண்கள் கரையிலேயே நிற்க வேண்டியதாகிறது. படகில் இருக்கும் ஒரு பெண், நிற்பவர்களில் ஒருவர் தன் கணவர் என்று கதறுகிறாள். அப்போது படகில் இடம் பிடித்திருந்த, மணமாகாத ஒருவர் ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து இறங்கிக் கரைக்குப் போகிறார். கணவர் அந்த இடத்தில் ஏறிக்கொள்கிறார். படகு அகன்ற பின், அந்த மனிதர் நின்ற திசையில் விளக்குகளும் கூச்சலும் தெரிகின்றன. அவர் பிடிபட்டிருப்பார் என்பது பார்க்கருக்கு விளங்கிவிடுகிறது. கண்ணுக்கு எதிரே தெரிந்த விடுதலையை இன்னொருவர் குடும்பத்துக்காகக் கொடுத்துவிட்டுப் போன அந்த மனிதரின் பெயர் நமக்குத் தெரியாது. தப்பி வந்தவர்களுக்கு உதவியவர்கள் என்று ஒரு கல் நாட்டினால், அதில் முதல் இடம் இவருக்கு இல்லையென்றால் வேறு யாருக்கு?

ஆனால் குழுவின் அளவுகோலில் இவர் 'உள்ளூர்க்காரர்' ஆக மாட்டார், அக்கரையைச் சேர்ந்தவர். அந்த அளவுகோலையே மாற்ற வேண்டும் என்பது என் துணிபு. கென்டக்கியின் மேசன் கவுண்டி என்னும் மாவட்டத்தில் அடிமையாக இருந்த அர்னால்ட் கிராக்ஸ்டனைப் பார். பக்கத்துப் பண்ணைக்குப் பெண்ணைப் பார்க்கப் போன இடத்தில், ஒரு பெண்ணை ஆற்றுக்கு அப்பால் ரிப்ளியில் விட்டுவர முடியுமா என்று ஒரு மூதாட்டி கேட்கிறார். இளைஞருக்கு நடுக்கம். போனார். பிறகு ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் நிலவில்லாத இரவுகளில் பலரைப் படகில் ஆற்றைக் கடக்கச் செய்துகொண்டே இருந்தார். இருட்டில் தாம் ஏற்றிச் சென்றவர்களின் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. ஒவ்வொரு முறையும் தாம் மட்டும் பண்ணைக்குத் திரும்பி, மறுநாள் காலையில் வேலைக்குப் போனார். கடைசியில் 1863இல் தம் மனைவியோடு தாமும் கடந்தார். ஃபுளோரிடாவில், 97ஆம் வயதில், 1930களில் முன்னாள் அடிமைகளின் நினைவுகளைத் திரட்டிய அரசுத் திட்டத்தின் எழுத்தாளர்களிடம் அவர் சொல்லாமல் போயிருந்தால் இதுவும் மறைந்திருக்கும்.

இக்கரையை ஒரேயடியாகப் புனிதப்படுத்துவதிலும் எனக்கு உடன்பாடில்லை. ஒஹாயோ அடிமை முறையை ஏற்காத மாநிலம் என்பது உண்மை. அதே மாநிலம் 1804இலும் 1807இலும் சட்டங்கள் இயற்றி, குடியேறும் கறுப்பினத்தவர் 500 டாலர் ஜாமீன் காட்ட வேண்டும், வெள்ளையருக்கு எதிராகச் சாட்சி சொல்லக் கூடாது என்று வைத்திருந்ததும் உண்மை. 1849 வரை அவற்றில் பெரும்பகுதி நீங்கவில்லை. தப்பி வந்தவர்களைப் பிடித்துக் கொடுத்து வெகுமதி வாங்கியவர்களும் அதே தெருக்களில்தான் குடியிருந்தார்கள். ஆகவே 'நம் ஊர் மக்கள் அனைவரும் திரண்டு' என்று தொடங்கும் உன் குழுவின் வரி பொய்யாகிவிடும். சிலர் செய்தார்கள், தம் அண்டை வீட்டாரிடமிருந்தே மறைத்துச் செய்தார்கள். அப்படி எழுதினால்தான் அவர்கள் செய்ததன் எடை தெரியும். ரிப்ளியைச் சுற்றிலும் விடுதலை பெற்ற கறுப்பினக் குடும்பங்களின் குடியிருப்புகள் இருந்தன. தப்பி வந்தவர்கள் பல வேளைகளில் முதலில் தட்டியது அவர்களுடைய குடிசைக் கதவுகளை என்பதையும் மறக்க வேண்டாம்.

கல்லை யார் நாட்டுகிறார்கள் என்பதும் கவனிக்க வேண்டியதே. இண்டியானாவிலும் சின்சினாட்டியிலும் நூற்றுக்கணக்கானோருக்கு அடைக்கலம் கொடுத்த குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த லீவை காஃபின் 1877இல் இறந்தபோது, அவர்கள் வழக்கப்படி கல்லில்லாத கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். 1902இல் சின்சினாட்டியின் கறுப்பின மக்கள் தாங்களே முன்வந்து ஸ்ப்ரிங் குரோவ் கல்லறையில் அவருக்கு ஒரு கல் நாட்டினார்கள். உதவி பெற்றவர்களின் சமூகம் நன்றியாக எழுப்பியது அது. உதவியவர்களின் ஊர் தன்னைத்தானே பாராட்டி எழுப்பும் கல்லுக்கு அந்த மதிப்பு எளிதில் வராது. உங்கள் பகுதியிலுள்ள கறுப்பினத் திருச்சபையினரைக் குழுவில் சேர்த்துக்கொண்டார்களா என்று நீ குறிப்பிடவில்லை. சேர்க்கவில்லையென்றால், வாசகத்தை எழுதுவதற்கு முன் அதைக் கேள்.

வாசகத்துக்கு என் வரைவு இதோ. ஆங்கிலத்தில் நீ உன் நடையில் எழுதிக்கொள். 'தங்கள் துணிவால் இந்த ஆற்றைக் கடந்து விடுதலை தேடி வந்தவர்களையும், அக்கரையில் தாங்களே அடிமைகளாக இருந்துகொண்டு அவர்களுக்குப் படகு செலுத்தியவர்களையும், இக்கரையில் சட்டத்தை மீறி அவர்களுக்கு உணவும் இடமும் வழியும் தந்த கறுப்பின, வெள்ளையினக் குடும்பங்களையும் இக்கல் நினைவுகூர்கிறது.' அதற்குக் கீழே தெரிந்த பெயர்கள், அகரவரிசையில், ஆண் பெண் இருவரும். அதற்கும் கீழே, பாதுகாப்புக்காகப் பெயர்கள் அழிக்கப்பட்டன என்பதை ஒரே வரியில் சொல்லிவிடு. புதிதாகப் பெயர் தெரிய வந்தால் சேர்ப்பதற்கு இடம் விடச் சொல்.

குழு கூடுவதற்குள் உன் வரைவை எனக்கு அனுப்பிவை. பார்த்துத் திருத்தி உடனே அனுப்புகிறேன். பேத்தியை அடுத்த முறை சின்சினாட்டி அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போகும்போது, மேசன் கவுண்டியிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து வைத்திருக்கும், அடிமைகளை விற்பதற்காக அடைத்து வைத்த அந்த மரக்கட்டைக் கொட்டகைக்குள் அவளும் போகட்டும். உத்தரத்தில் இருக்கும் இரும்பு வளையங்கள் எதற்கென்று அவள் கேட்டால் மழுப்பாமல் சொல். மாப்பிள்ளைக்கு என் அன்பைத் தெரிவி.

அன்புடன்,
அம்மா