யானைமலையில் பார்க்க ஒன்றுமில்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் கற்களும் கனிமங்களும் சேகரிப்போரைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். ஜெய்ப்பூர் வரை போய் எழுதியிருக்கிறீர்கள், மகிழ்ச்சி. ஆனால் கடைசிப் பத்தியில், யானைமலை நிற்கும் எங்கள் மதுரை வட்டாரத்தில் கட்டடத்துக்கு உதவும் பாறையைத் தவிர வேறொன்றும் இல்லை என்று ஒரு வரி. மேலூரில் பிறந்து, இந்த வட்டாரப் பிள்ளைகளுக்கே அறிவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவன் நான். அந்த வரியைப் படித்த பிறகு மேற்கொண்டு எதையும் படிக்க மனம் வரவில்லை.

எங்கள் பக்கத்துக் குவாரிகளில் வெட்டி, ‘காஷ்மீர் ஒயிட்’ என்ற பெயரில் கப்பலேற்றப்பட்ட வெள்ளைக் கல்லை நீங்கள் அறியாதவர் அல்ல. அதில் மாதுளை முத்துகளைப் போலச் சிதறிக் கிடப்பவை கார்னெட் என்னும் செந்நிறக் கனிமம். உங்கள் ராசிபலன் பக்கம் ஓயாமல் பரிந்துரைக்கும் கோமேதகமும் அதே கார்னெட் குடும்பம்தான். மோதிரத்தில் இருந்தால் ரத்தினம், மேலூர்ப் பாறையில் இருந்தால் ஒன்றுமில்லையா?

மழை விட்ட மறுநாள் எங்கள் ஓடைகளுக்கு வந்து பாருங்கள். சாதாரண மணலைவிடக் கார்னெட் கனமானது. வெள்ளை மணலை நீர் அடித்துக்கொண்டு போன பிறகு, இது செந்நிறக் கோடாக ஓரத்தில் ஒதுங்கி நிற்கும். மாணவர்களை அழைத்துப் போய் உள்ளங்கையில் அள்ளி வெயிலில் காட்டியிருக்கிறேன். காக்காப்பொன்னையும் (மைக்கா) வெங்கச்சங்கல்லையும் (குவார்ட்ஸ்) அவர்கள் எனக்கு முன்பே பொறுக்கி வைத்திருப்பார்கள்.

கொடைக்கானல் மலையடிவாரத்தில் இருக்கும் கெங்குவார்பட்டியின் பெயர் உலகப் புவியியல் ஆய்விதழ்களில் அடிபடுகிறது. அங்குள்ள பாறையில் சஃபிரின் என்னும் அரிய நீலக் கனிமம் இருக்கிறது. பூமியின் ஆழத்தில் 900 டிகிரிக்கும் மேலான வெப்பத்தில் அந்தப் பாறை வெந்து உருமாறியதற்கு அதுவே சாட்சி. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் மதுரை வட்டாரம் முழுவதும் அப்படித்தான் வெந்து அழுந்திக் கிடந்தது. அப்படி வெந்த பாறையில் புதைபடிவம் தேடக் கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புதைபடிவத்துக்கும் நீங்கள் வெளிநாட்டு அம்மோனைட் (சுருள் ஓடு கொண்ட பழங்காலக் கடலுயிர்) ஒன்றின் படத்தைத்தானே போட்டீர்கள்! டைனோசர் காலத்துக் கடல் விட்டுப்போன அம்மோனைட்டுகள் அரியலூர்ப் பக்கத்தில் கிடைக்கின்றன. பெரம்பலூர் மாவட்டச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிப்போன மரம் கிடக்கிறது. இரண்டுக்கும் கட்டுரையில் இடமில்லை.

கல்லைப் பற்றி நீங்கள் எழுதாமல் இல்லை. மேலூர் அருகே உள்ள அரிட்டாபட்டி 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டபோது எழுதினீர்கள். அந்த ஊர்ப் பகுதியையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். மக்கள் திரண்டு எதிர்த்து, 2025 ஜனவரியில் அது ரத்தானபோதும் எழுதினீர்கள். நன்றி. ஆனால் விற்கும்போதும் சண்டை வரும்போதும் மட்டுமே கல் செய்தியாகிறது. அல்லது ராசிக்கல். விரிசலில் கண்ணாடியை நிரப்பி மாணிக்கம் என்று விற்கிறார்கள், வாசகர்களை எச்சரியுங்கள் என்று முன்பே உங்களுக்கு எழுதினேன். அந்தக் கடிதம் வெளிவரவில்லை.

ஓய்வுபெற்றபோது நான் சேர்த்த கற்களை ஒரு பள்ளியிடம் ஒப்படைத்தேன். ஒவ்வொன்றுக்கும் கிடைத்த ஊர், கனிமத்தின் பெயர், கடினத்தன்மை எல்லாம் சீட்டில் எழுதி ஒட்டியிருந்தேன். பிறகு ஒருநாள் போனபோது, புதிதாகக் கட்டிய சாய்தளத்துக்கு அடியில் நிரவிவிட்டதாகச் சொன்னார்கள். ‘கல்தானே சார்’ என்றார் அலுவலக ஊழியர். உங்கள் கட்டுரையில் அதே குரலைக் கேட்டதால்தான் இந்தக் கடிதம் இவ்வளவு நீள்கிறது.

மலையில் கை வைக்கச் சொல்லவில்லை. சமணர் படுக்கையும் தமிழி (தமிழ் பிராமி) எழுத்தும் உள்ள குன்றுகளில் ஒரு சில்லைக்கூடப் பெயர்க்கக் கூடாது. அதையும் உங்கள் கட்டுரை சொல்லியிருக்க வேண்டும். ஓடை மணலும், அனுமதி பெற்றுப் பொறுக்கும் குவாரிக் கழிவும் பிள்ளைகளுக்குப் போதும்.

நான் கேட்பது இரண்டுதான். அடுத்த ஞாயிறு அந்த வரிக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். ராசிபலன் பக்கத்தின் மூலையில், மாதம் ஒருமுறை நம் வட்டாரக் கல் ஒன்றின் படத்தையும், அது என்ன, எப்படி உண்டானது என்று நான்கு வரிகளையும் போடுங்கள். மீதமிருக்கும் கற்களை நானே அலுவலகத்துக்குக் கொண்டுவருகிறேன். படம் எடுத்த பிறகு தயவுசெய்து திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்,
மேலூர்.