அந்தச் சீட்டுகளைத் தூக்கிப் போடாதவருக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

மார்ச் மாதம் என் ஆய்வுக் குறிப்புகள் எல்லாம் தொலைந்துபோன கதையை மறுபடி சொல்லப்போவதில்லை. உங்களில் பாதிப் பேர் அந்த ராத்திரி என்னோடு போனில் இருந்தீர்கள், மீதிப் பேருக்கு அவர்களே சொல்லியிருப்பார்கள். நேற்றுச் சாயங்காலம், அந்தக் குறிப்புகளை மீட்டுத் தந்த சீட்டுகளில் கடைசியையும் தட்டச்சு செய்து முடித்தேன். கை இன்னும் லேசாக நடுங்குகிறது. அது அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

பணம் திரட்டிய பழைய கல்லூரி நண்பர்கள், பழைய மடிக்கணினியைத் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தவர், மூன்று வாரம் சாப்பாட்டுக்கு என்னை எழுப்பிய அறைத்தோழிகள், கால அவகாசத்துக்காக என் சார்பில் கடிதம் எழுதிய ஆசிரியர், ஒரு நாளும் "இனி என்ன பண்ணப் போறே" என்று கேட்காத அம்மா: உங்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத வேண்டும், எழுதுவேன். இன்றைக்கு இந்த ஒரு வரியைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் உங்களில் யாருக்கும் தெரியாத ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அதற்கு முன்னால், நான் என்ன படிக்கிறேன் என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பலர் அதைக் கேட்காமலே உதவினீர்கள்.

மூன்றாம் ஃபிரெடரிக் 1440-இல் ஜெர்மானிய அரசராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1452-இல் ரோமில் போப்பின் கையால் புனித ரோமானியப் பேரரசராக முடி சூடினார். ரோமில் முடிசூடிய கடைசிப் பேரரசர் அவர்தான். 1493-இல் லின்ஸ் நகரில் இறக்கும் வரை, மொத்தம் 53 வருடம் ஆட்சி. ஆனால் 1444-க்கும் 1471-க்கும் நடுவில் 27 வருடம் அவர் தன் பரம்பரை நாடான ஆஸ்திரியப் பகுதிகளை விட்டுப் பேரரசின் உள்பகுதிக்கு வரவே இல்லை. கிராட்ஸிலும் வீனர் நொய்ஷ்டாட்டிலும் இருந்துவிட்டார். அதனால் பின்னால் வந்த வரலாற்றாசிரியர்கள் அவருக்குப் 'பேரரசின் பெரிய தூங்குமூஞ்சி' என்று பட்டம் கட்டினார்கள்.

அவர் உண்மையிலேயே தூங்கினாரா என்பதற்குப் பதில் பட்டயங்களில், அதாவது அவர் முத்திரையிட்டுக் கொடுத்த உரிமை ஆவணங்களில், இருக்கிறது. பட்டயம் கொடுத்தவர் வீட்டில் தேடினால் பாதிதான் கிடைக்கும். 1838 முதல் 1840 வரை வரலாற்றாசிரியர் யோசஃப் க்மெல் வெளியிட்ட பட்டயச் சுருக்கங்கள் பெரும்பாலும் வியன்னாவில் இருக்கும் அரசுப் பதிவேடுகளை வைத்துச் செய்தவை. ஆனால் எழுதி அனுப்பிய எல்லாமே பதிவேட்டில் ஏறவில்லை. பட்டயத்தைப் பெற்றுக்கொண்டவர்களோ பத்திரமாக வைத்திருந்தார்கள். ஒரு நகரம் தன் சந்தை உரிமையை, நீதிமன்ற உரிமையை உறுதி செய்யும் தோலேட்டைத் தொலைக்குமா? அதனால்தான் வரலாற்றாசிரியர் ஹைன்ரிஹ் கொல்லர் தொடங்கி வைத்த பணியில் காப்பகம் காப்பகமாகப் போய், வாங்கியவர்களிடம் இருப்பதைத் தொகுக்கிறார்கள். முதல் தொகுதி 1982-இல் வந்தது, இதுவரை முப்பதுக்கும் மேல் வந்துவிட்டன. அவற்றைப் பார்த்தால் அந்த 27 வருடமும் ஊர் ஊராக ஆட்கள் மலை தாண்டி அவரைத் தேடிப் போயிருப்பது தெரிகிறது. அவர் வரவில்லை, சரி. ஆனால் அவருடைய எழுத்து எல்லா இடத்துக்கும் வந்துகொண்டேதான் இருந்தது.

இந்தப் பட்டயங்களின் கீழ் விளிம்பு மேல்நோக்கி மடிக்கப்பட்டிருக்கும், முத்திரை தொங்கும் பட்டை தோலைக் கிழிக்காமல் இருப்பதற்காக. அந்த மடிப்பின் வலது ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு. இது பேரரசர் நேரே சொல்லி எழுதியதா, ஆலோசனைக் குழுவில் முடிவானதா, சொன்ன செய்தியை எழுத்தர்களிடம் கொண்டுவந்தவர் யார் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். பின்பக்கம் திருப்பினால், பதிவேட்டில் ஏறியதா என்பதற்கு இன்னொரு குறிப்பு. மேலே இருக்கும் அலங்கார வாசகங்களைவிட எனக்கு அந்த இரண்டு மூலைகள்தான் முக்கியம். நாலு வருடமாக அந்த மூலைகளைத்தான் சேகரித்தேன்.

மார்ச்சுக்குப் பிறகு அவற்றில் ஒன்றுகூட என்னிடம் இல்லை.

தெற்கு ஜெர்மனியில் ஒரு சின்ன நகரக் காப்பகம். வாசிப்பறையில் ஆறே மேசை. அங்கே பெட்டிகளை எடுத்து வந்து தருபவர், ஓய்வுபெறப் போகும் வயதில் ஒரு அம்மா. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், ஊரையும் அதனால்தான் விட்டுவிட்டேன். நான் அங்கே இருந்த இரண்டு கோடைகாலத்திலும் அவர் என்னிடம் பேசியது மொத்தம் இருபது வாக்கியம் இருக்கும். ஒருமுறை, தோலேடு சுருளாமல் இருக்க வைக்கும் ஈயக்குண்டுப் பையை நான் முத்திரைக்குப் பக்கத்தில் வைத்ததற்காகக் கடிந்துகொண்டார்.

ஏப்ரலில் அவருக்கு மின்னஞ்சல் எழுதினேன். நான் எந்தெந்தப் பட்டயம் பார்த்தேன் என்ற எண்களாவது கிடைக்குமா என்று மட்டும் கேட்டேன். இரண்டு நாளில் ஒரு வரிப் பதில்: "சீட்டுகள் இருக்கின்றன."

காப்பகத்தில் பெட்டி கேட்க ஒரு சின்னச் சீட்டு நிரப்பிக் கொடுக்க வேண்டும். பென்சிலில்தான், மை கூடாது. பட்டயம் விரித்திருக்கும்போது கணினியை நகர்த்த இடம் இருக்காது. அதனால் மடிப்பில் இருப்பதை அந்தச் சீட்டின் முதுகிலேயே கிறுக்கிவிட்டு, அப்புறம் தட்டச்சு செய்வேன். சீட்டு பெட்டியோடு திரும்பிப் போய்விடும். போனதும் குப்பைக்குத்தான் என்று நினைத்திருந்தேன்.

மே மாதம் தபாலில் ஒரு கனமான உறை வந்தது. 143 சீட்டுகள், முன்பக்கமும் பின்பக்கமும் நகல் எடுத்து, தேதி வரிசையில். என் கிறுக்கல் அப்படியே இருந்தது, ஓரத்தில் போட்ட கேள்விக்குறிகூட. பென்சில் தேய்ந்து படிக்க முடியாமல் போனவை பதினொன்று. அந்தப் பதினொன்றுக்கும் அவர் பட்டயத்தை மறுபடி வெளியே எடுத்து, மடிப்பையும் பின்பக்கத்தையும் தானே படித்து, அச்சுப் போன்ற கையெழுத்தில் எழுதி இணைத்திருந்தார். வாசிப்பறை மூடியிருக்கும் மூன்று வெள்ளிக்கிழமை மதியம் அதற்குப் போயிருக்கிறது. நான் கேட்டுத்தான் அவர் அதைச் சொன்னார்.

பதினொன்றில் ஒன்றில் தேதியையும் கணக்குப் போட்டிருந்தார். அந்தக் காலத்துப் பட்டயத்தில் தேதி நம்மைப்போல் இருக்காது. 'புனித உல்ரிஹ் நாளுக்கு அடுத்த திங்கள்' என்று இருக்கும், கூடவே ரோமானிய அரசில் (1440-இல் கிடைத்த அரச பதவிக்கு அப்படித்தான் பெயர்) 32-ஆம் வருடம், பேரரசர் பதவியில் 20-ஆவது, ஹங்கேரி அரசுரிமையில் 13-ஆவது என்று மூன்று ஆட்சியாண்டுக் கணக்கு. மூன்றும் சேர்ந்து காட்டும் வருடம் 1471. உல்ரிஹ் நாள் ஜூலை 4. 1471-இல் அது வியாழக்கிழமை. ஆக, அடுத்த திங்கள் ஜூலை 8. 27 வருடம் கழித்துப் பேரரசர் உள்ளே வந்து, ரேகன்ஸ்பர்க் நகரில் கூடிய பேரரசின் மாமன்றத்தில் உட்கார்ந்திருந்த கோடை அது. அந்தக் கூட்டல் கழித்தலை எல்லாம் ஓரத்தில் எழுதி, பக்கத்தில் ஒரு சின்ன 'சரி' குறி போட்டிருந்தார். அதைப் பார்த்ததும்தான் அழுதேன். மார்ச்சில் அழவில்லை.

அவரிடம் ஏன் வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். "எழுதியிருந்ததே" என்றார்.

அதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். என் வேலை முழுக்க, யாரோ ஒருவர் ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் வாங்கியதை இன்னொருவர் பெட்டியில் வைத்ததால் நடப்பது. பெட்டியில் வைத்தவரை நான் எங்கும் குறிப்பிட்டதில்லை. பேரரசர் பெயர், எழுத்தர் பெயர், முத்திரையின் நிலை எல்லாம் எழுதுவேன். பெட்டியைத் தூக்கி வந்த கை என் அடிக்குறிப்பில் கிடையாது. இனி அப்படி எழுத மாட்டேன். இன்னொன்றும்: என் குறிப்புகள் முழுவதையும், ஆய்வேடு முடிய வேண்டும் என்று காத்திருக்காமல், அந்தந்தக் காப்பகத்துக்கே ஒரு பிரதி கொடுக்கிறேன். முதல் பிரதி போன வாரம் போய்விட்டது.

உறையின் கடைசித் தாள் நகல் இல்லை, நிஜச் சீட்டு. போன கோடையில் நேரம் இல்லாமல் பார்க்காமல் விட்ட பட்டயம் ஒன்று உண்டு. கிளம்பும்போது வாசலில் நின்று அவரிடம் அதைச் சொல்லி வருத்தப்பட்டேன். அதன் எண்ணைப் பென்சிலில் எழுதி, என் பெயரையும் எழுத்துப் பிழையில்லாமல் எழுதி வைத்திருக்கிறார். தேதி மட்டும் காலி. செப்டம்பரில் டிக்கெட் எடுத்திருக்கிறேன்.