‘தரிப்பிடம் உண்டா?’ என்று கேட்டால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தாங்கி, கழிப்பறை எல்லாவற்றையும் உள்ளே வைத்துக் கட்டிய வான்களும் பழைய கோஸ்டர், ரோசா பஸ்களும் எங்கள் கிழக்குக் கரையில் பாசிக்குடாவிலும் அறுகம்பையிலும் கண்ணில் படத் தொடங்கிவிட்டன. இவற்றில் வருகிறவர்களும், கட்டி வாடகைக்கு விடுகிறவர்களும் உள்ளூராட்சி சபைகளிடம் கேட்பது ஒரே கேள்விதான்: “வாகனத் தரிப்பிடம் உண்டா?” சபையும் “உண்டு” என்று எழுதிவிடுகிறது. அதில் பொய் இல்லை. பிழை கேள்வியில்தான். தரிப்பது வேறு, இராத்தங்குவது வேறு.

சபைத் தரிப்பிடங்களில் கட்டணம் அறவிடுவதைப் பல இடங்களில் குத்தகைக்குத்தான் கொடுக்கிறார்கள். குத்தகைக்காரரின் பற்றுச்சீட்டுப் புத்தகத்தில் மோட்டார் சைக்கிள், முச்சக்கர வண்டி, கார், வான், பஸ் என்று இருக்கும். ஆள் படுத்து உறங்கும் வாகனத்துக்கு அதில் பக்கமே கிடையாது. பகலில் பஸ்ஸுக்குரிய காசை வாங்குவார், இரவானதும் “இது என் பொறுப்பில்லை” என்பார். அவர் சொல்வதும் சரிதான், ஒப்பந்தத்தில் இரவு இல்லை. ஆகவே இரவில் தங்க அனுமதி உண்டா, எத்தனை இரவு, சபை இயற்றிய எந்த உபவிதியின் கீழ், கட்டணம் யாரிடம் என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

யாரிடம் கேட்பது என்பதிலும் குழப்பம். கல்லடி என்றால் மட்டக்களப்பு மாநகர சபை ஆணையாளர். பாசிக்குடா, கல்குடா என்றால் வாழைச்சேனையிலுள்ள கோறளைப்பற்றுப் பிரதேச சபை. அறுகம்பை பொத்துவில் பிரதேச சபைக்குள் வருகிறது. பாணமைக்குப் போனால் லகுகலைப் பிரதேச சபை. பிரதேச சபைக்கு எழுதும்போது கடிதத்தைச் செயலாளருக்கு முகவரியிட்டு, பிரதியைத் தவிசாளருக்கு அனுப்புவது நல்லது. காணி யாருடையது என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். ஏ-4 வீதியின் ஓரம் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியது. அரச காணி என்றால் பிரதேச செயலகம். கடலின் உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றருக்குள் ஏதாவது கட்டுவதானால் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். இதைக் கேட்காமல் விட்டால் மூன்று மாதம் கழித்து “எங்கள் காணி அல்ல” என்று ஒரு வரிப் பதில் வரும்.

வாகனத்தின் அளவை எழுதாமல் கேட்பதும் வீண். கோஸ்டர் பஸ் ஏறக்குறைய 7 மீற்றர் நீளம். கூரையில் குளிரூட்டியும் சோலார் தகடும் ஏறினால் உயரம் 3 மீற்றரை நெருங்கும். தாழத் தொங்கும் மின்கம்பியும் வாயிலில் போட்ட இரும்புக் குறுக்குக் கம்பமும் அதற்கு எமன். சமையல் எரிவாயு உள்ளே இருப்பதால் வண்டிக்கும் வண்டிக்கும் நடுவே 3 மீற்றராவது விட வேண்டும். ஒரு வண்டிக்கு 8 மீற்றர் நீளமும் ஐந்தரை மீற்றர் அகலமும் என்று வைத்தால், ஐந்து வண்டிக்கு, திரும்பும் பாதையும் சேர்த்து, 20 பேர்ச் காணி போதும். சபைகள் பயப்படுகிற அளவுக்கு இது பெரிய திட்டமல்ல. ஆனால் கடற்கரை மணலில் அடையாளம் போட்டுக் கொடுத்தால் பின்சக்கரம் புதைந்து, இழுக்க உழவு இயந்திரம் தேட வேண்டிவரும். கிறவல் போட்டு உருளை ஓட்டிய தரை வேண்டும்.

உண்மையான சிக்கல் கழிவில்தான் இருக்கிறது. இந்த வண்டிகளின் கழிப்பறைக்கு அடியில் கசற் என்று சொல்லும் பெட்டி இருக்கும். கொள்ளளவு 17 முதல் 20 லீற்றர். இரண்டு பேர் பாவித்தால் இரண்டு நாளில் நிறையும். ஊற்ற இடமில்லாவிட்டால் எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை. எங்கள் கரையோரம் முழுக்க மணல். கிணற்று நீர் சில முழத்திலேயே கிடைக்கிறது. கார்த்திகை, மார்கழி மழையில் அது இன்னும் மேலே வந்துவிடும். அந்த மணலில் ஊறவிடும் குழி வெட்டினால் பக்கத்து வளவுக் கிணற்றைத்தான் கெடுக்கும். அடியும் பக்கமும் பூசி மூடிய கொங்கிறீற்த் தாங்கியே சரி. ஐந்து வண்டிக்கு, அலசும் நீரையும் சேர்த்து, நாளுக்கு 75 லீற்றர் என்று கணக்கிட்டால், 4,000 லீற்றர்த் தாங்கி ஒன்றரை மாதத்துக்கு மேல் தாங்கும். பிறகு சபையின் மலக்கழிவு பவுசர் வந்து இழுக்கட்டும். கசற்றுக்குள் ஊற்றும் நீல மருந்தில் ஃபோர்மல்டிஹைட் உள்ள வகை, சாதாரண மலக்குழியில் கழிவை மக்கச் செய்யும் நுண்ணுயிரைக் கொன்றுவிடும். ஆகவே “பொதுக் கழிப்பறையில் ஊற்றுங்கள்” என்பது பதிலாகாது.

தண்ணீர்க் குழாயில் ஒரு பிழை திரும்பத் திரும்ப நடக்கிறது. செலவு மிச்சம் என்று ஒரே சுவரில் ஒரே குழாயை வைப்பார்கள். ஒருவர் ரப்பர் குழாயைக் கசற்றுக்குள் விட்டு அலசுவார். அந்த நேரம் பிரதான குழாயில் அழுத்தம் விழுந்தால் அழுக்கு நீர் குழாய் வழியே பின்னுக்கு இழுபடும். அடுத்து வருகிறவர் அதே குழாயில் குடிநீர் பிடிப்பார். அலசும் குழாயைக் கழிவு வாய்க்கு மேலே, நுனி எட்டாத உயரத்தில், ரப்பர் குழாய் பூட்ட முடியாதபடி வையுங்கள். குடிநீர்க் குழாய் பல மீற்றர் தள்ளி இருக்கட்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருமுறை பார்த்தால் போதும்.

மின்சாரம் கட்டாயமில்லை. கொடுப்பதானால் ஒவ்வொரு வண்டிக்கும் தனியாக, மழை படாத 16 அம்பியர் சொக்கட்டும் மின்கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்சும் வேண்டும். எல்லாருக்கும் பொதுவாக ஒன்றைப் போட்டால், நனைந்த பிளக் ஒன்று நடுச்சாமத்தில் எல்லா வண்டியையும் இருட்டாக்கும். நீட்டிப்பு வயரைச் சுருளில் இருந்து முழுக்க அவிழ்க்காமல் குளிரூட்டி ஓட்டினால் சுருள் சூடேறி உருகும் என்பதையும் பலகையில் எழுதிப் போடலாம்.

இடமில்லை என்பதற்காக வீதியோரத்தில் படுப்பது இங்கே விளையாட்டல்ல. லகுகலையில் ஏ-4 வீதியை யானைகள் கடக்கின்றன. பழமும் அரிசியும் வைத்த வண்டியின் மணம் அவற்றுக்கு எட்டும்.

“வெள்ளைக்காரருக்காக ஏன் செலவு?” என்று கேட்கும் உறுப்பினர்களுக்கு ஒரு வார்த்தை. ஆடி மாதம் மாமாங்கம், உகந்தைக் கோயில் திருவிழாக்களுக்கு வான் பிடித்து வருகிற நம் சனம் வண்டியிலேயே சமைத்து, வண்டிக்கு அடியிலேயே பாய் விரிக்கிறது. அந்தக் குழாயும் கழிப்பறையும் முதலில் உதவப்போவது அவர்களுக்குத்தான்.

அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டங்கள் கார்த்திகை, மார்கழியில் சபைக்கு வருவதால், புரட்டாதிக்குள் கடிதம் பதிவுத் தபாலில் போய்ச் சேர வேண்டும். வட்டார உறுப்பினர் பிரேரணையாகக் கொண்டுவந்தால் கூட்டக் குறிப்பில் ஏறும். பதிலே வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதே கேள்விகளைச் சபையின் தகவல் அலுவலருக்கு எழுதலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யலாம். ஆனால் “ஏன் இடம் தரவில்லை?” என்று கேட்காதீர்கள், அது தகவல் கோரிக்கை ஆகாது. “இரவுத் தரிப்பு பற்றிய உபவிதியின் பிரதி, தரிப்பிடக் குத்தகை ஒப்பந்தத்தின் பிரதி” என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

இப்படிக்கு,
வாகன உள்வேலை செய்யும் வாசகர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.